"ஒர்க்கிங் கண்டிஷன்"னு வாங்குன பழைய ஃபிலிம் கேமரா: நாலு ரோல் ஓட்டுனதுக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், கேமரா பிராண்ட் பேர எழுதப் போறதில்ல. நாப்பது வருஷத்துக்கு மேல ஆன பொருள் கெட்டுப் போயிருக்குன்னா அத செஞ்ச கம்பெனிய திட்டி என்ன ஆகப் போகுது. வித்தவர் பேரும் வேணாம். 70கள்ல வந்த 35 எம்எம் எஸ்எல்ஆர் (உள்ள இருக்கிற கண்ணாடி மூலமா லென்ஸ் வழியாவே பார்த்து எடுக்கிற கேமரா), முழுக்க மெக்கானிக்கல், துணி ஷட்டர், கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸ், பேட்டரி வெளிச்சத்த அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். விளம்பரத்துல "ஒர்க்கிங் கண்டிஷன், ஷட்டர் ஃபயர் ஆகுது, மீட்டர் முள்ளு ஆடுது"ன்னு போட்டிருந்தாரு. பொய்யே இல்ல. ஷட்டர் ஃபயர் ஆச்சு, முள்ளு ஆடுச்சு. படம் வருமான்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

பார்க்க ஜம்முனு இருந்துச்சு. வைண்டிங் லிவர் வெண்ணெய் மாதிரி சுத்துது, கிளிக் சத்தம் கேக்கவே சுகம், டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள பார்த்தா ஃபங்கஸ் கூட இல்ல. அன்னைக்கே 36 ஷாட் ரோல் ஒண்ண போட்டு ரெண்டு நாள்ல முடிச்சேன். முடிச்சேன்னு நினைச்சேன். கவுன்ட்டர் 36 தாண்டி 38, 39ன்னு போகுது, லிவரும் இறுகாம சுத்திக்கிட்டே இருக்கு, ஆஹா ரெண்டு மூணு ஷாட் ஃப்ரீயா கிடைக்குதேன்னு சந்தோஷப்பட்டவன் நான்.

லேப்ல இருந்து வந்தது மொத்தமா பிளாங்க். ஒரு ஃப்ரேம் கூட இல்ல. நேரா போய் "உங்க கெமிக்கல் சரியில்ல"ன்னு சண்டைக்கு நின்னேன். லேப்காரரு கோவப்படாம நெகட்டிவ்வ வெளிச்சத்துக்கு நேரா தூக்கிக் காட்டி, "சார், ஓரத்துல நம்பரும் ஃபிலிம் பேரும் தெரியுதா? டெவலப் ஆகலன்னா இதுவும் வந்திருக்காது. ஃபிலிம் கழுவுனது சரிதான், ஃபிலிம் மேல வெளிச்சமே படல"ன்னாரு. இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கு மானம் போயிருக்காது. அந்த ஓரத்து எழுத்து ஃபேக்டரியிலயே பதிஞ்சு வர்றது. எழுத்து இருந்து ஃப்ரேம் இல்லன்னா கேமராவுலயோ லோட் பண்ணதுலயோதான் தப்பு, எழுத்தும் சேர்ந்து இல்லன்னா அப்பதான் டெவலப்பிங் பக்கம் சந்தேகப்படணும், மொத்த ஃபிலிமும் கன்னங்கரேல்னு இருந்தா எங்கயோ நல்லா வெளிச்சம் பட்டிருக்குன்னு அர்த்தம்.

எனக்கு நடந்தது வெறும் லோடிங் தப்பு. ஃபிலிம் நுனி டேக்-அப் ஸ்பூல்ல (லிவர சுத்துனா ஃபிலிம இழுத்து சுத்திக்கிற உருளை) மாட்டவே இல்ல, கேசட்டுக்குள்ள அப்படியே உக்காந்திருக்கு, நான் 39 தடவ காத்த படம் புடிச்சிருக்கேன். கவுன்ட்டருக்கு ஃபிலிம் நகருதா இல்லையான்னெல்லாம் தெரியாது, லிவர சுத்துனா அதுவும் நகரும், அவ்வளவுதான். லோட் பண்ணி மூடுன உடனே ரீவைண்ட் நாப்ப (ஃபிலிம திரும்ப கேசட்டுக்குள்ள சுத்துற திருகு) லேசா சுத்தி தொய்வ எடுத்துட்டு, அப்புறம் லிவர சுத்தும்போது அந்த நாப் எதிர்ப்பக்கமா தானா திரும்புதான்னு பார்க்கணும். திரும்பலன்னா ஃபிலிம் நகரல. இது கேமரா குத்தம் இல்ல, அதனால ரேட்டிங்ல இதுக்கு மார்க் கொறைக்கல.

ரெண்டாவது ரோல்ல படம் வந்துச்சு. ஆனா பாதிக்கு மேல ஆரஞ்சு கலர்ல தீ வெச்ச மாதிரி கோடு. ஒரு சில ஃப்ரேம்ல ஒரு பக்கம் மொத்தமா இருட்டு, திரை போட்டு மறைச்ச மாதிரி. இன்னும் சிலது மங்கலா சேறு மாதிரி, சிலது வெளுத்துப் போய், நடுவுல ஏழெட்டு படம் மட்டும் அருமையா வந்திருந்துச்சு. இந்த ஏழெட்டுதான் என்னைய ரொம்ப நாள் சுத்தல்ல விட்டுச்சு, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

ஆரஞ்சு கோட்டுக்கு வருவோம். நெகட்டிவ்ல பார்த்தா அந்தக் கோடு ஃப்ரேமோட நிக்காம பல்லு ஓட்டை இருக்கிற ஓரம் வரைக்கும் ஓடியிருக்கு. லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் 36க்கு 24 எம்எம் கட்டத்துக்குள்ளதான் விழும், ஓரத்துக்கும் போயிருக்குன்னா பின் கதவு பக்கமா கசியுதுன்னு அர்த்தம். இன்னொரு துப்பும் இருந்துச்சு, வரிசையா வேகமா எடுத்த ஃப்ரேம்ல கோடு சின்னது, ரெண்டு நாள் கேமராவ ஜன்னல் ஓரம் சும்மா வெச்சிருந்தேன் பாருங்க, அந்த ஃப்ரேம்லதான் பெரிய கோடு. கதவ திறந்து பார்த்தா பள்ளத்துல இருக்க வேண்டிய கருப்பு ஃபோம் உருகி தார் மாதிரி ஆயிருக்கு, விரல் வெச்சா ஒட்டுது. அந்தக் காலத்து லைட் சீல் ஃபோம் (வெளிச்சம் உள்ள வராம அடைக்கிற ஃபோம்) எல்லாமே வயசானா இப்படித்தான் ஆகும், பொட்டிக்குள்ள பத்திரமா வெச்சிருந்தாலும் சரி. "யூஸே பண்ணல, அப்படியே புதுசு"ன்னு யாராவது வித்தா அதுலயும் ஃபோம் போயிருக்கும்னு வெச்சுக்கோங்க.

இத நானே மாத்துனேன். ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பல்லு குத்துற குச்சி, பஞ்சு, வெட்டி ஒட்டுற புது ஃபோம், இவ்வளவுதான். வேலை கஷ்டம் இல்ல, பொறுமை வேணும், பழைய பிசின சுரண்டவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஷட்டர் துணி மேல ஒரு துளி கூட படாம பார்த்துக்கணும். கண்ணாடிக்கு மேல, அது எகிறி வந்து மோதுற இடத்துலயும் ஒரு ஃபோம் பட்டை இருக்கும், அதையும் மாத்தணும். அங்கதான் நான் ஒரு கூத்து பண்ணேன். அந்தத் துகள் ஃபோகஸிங் ஸ்க்ரீன் (வியூஃபைண்டர்ல பார்க்கிற படம் விழுற தட்டு) மேல விழ, அதே ஆல்கஹால் பஞ்சால துடைச்சேன், ஸ்க்ரீன் பிளாஸ்டிக், புகை படிஞ்ச மாதிரி ஒரு தழும்பு நிரந்தரமா விழுந்துருச்சு. படத்துல வராது, வியூஃபைண்டர்ல மட்டும் தெரியும், ஒவ்வொரு தடவ கண்ண வைக்கும்போதும் என் அவசர புத்திய ஞாபகப்படுத்துது. ஸ்க்ரீன்ல தூசி விழுந்தா ப்ளோவரால ஊதுங்க, போகலன்னா விட்டுடுங்க.

அடுத்து அந்த ஒரு பக்க இருட்டு. நோட்புக்ல எழுதி வெச்சிருந்தத பார்த்தா எல்லாமே 1/1000 செகண்ட் ஷட்டர் ஸ்பீடுல எடுத்தது. துணி ஷட்டர்ல ரெண்டு திரை, மொதல் திரை ஓட, பின்னாடியே ரெண்டாவது ஓடி வரும், ஸ்பீடு ஏற ஏற ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சின்னதாகும். உள்ள இருக்கிற பழைய க்ரீஸ் காஞ்சு மொதல் திரை சோம்பேறித்தனமா ஓடுச்சுன்னா ரெண்டாவது திரை நடு வழியிலயே அத புடிச்சிரும், இடைவெளி மூடிக்கும், ஃப்ரேமோட மிச்சத்துல வெளிச்சமே படாது. ஃபிலிம் செலவு பண்ணாமலே இத பார்த்திருக்கலாம், லென்ஸ கழட்டி பின் கதவ திறந்து வெளிச்சமான ஜன்னல் பக்கம் காட்டி 1/1000ல அடிச்சா முழு செவ்வகமும் பளிச்சுனு தெரியணும், எனக்கு முக்காவாசிதான் தெரிஞ்சுது. ஸ்லோ ஸ்பீடுக்கு போன்ல 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷன் போதும், 1/15ன்னா ஷட்டர் சுமார் 16 ஃப்ரேம் திறந்திருக்கணும், என்னோடது 22, 23ன்னு காட்டுது. ஒரு செகண்ட்ல வெச்சா கிர்ர்ர்னு ஓடி பாதியில நின்னுடும், தட்டுனா மூடும்.

இதுல நான் கை வைக்கல, பழைய கேமரா ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட கொடுத்தேன். டபிள்யூடி-40 அடிச்சா சரியாயிடுமா ஐயான்னு கேட்டதுக்கு ஒரு பார்வை பார்த்தாரு, அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கல. அவரே சொன்னது, ஸ்பிரிங்க ஒரு சுத்து முறுக்கி விட்டா ஸ்பீடு வந்துரும், நிறைய பேரு அப்படித்தான் செஞ்சு கொடுப்பாங்க, ஆனா உள்ள அழுக்கு அப்படியே இருக்கும், கொஞ்ச நாள்ல திரும்ப இதே கதை, கழட்டி கழுவி எண்ணெய் விட்டு அப்புறம்தான் டென்ஷன் செட் பண்ணணும்னாரு. சிஎல்ஏன்னு (க்ளீன், லூப்ரிகேட், அட்ஜஸ்ட்) சொல்றது இதத்தான். மூணு வாரம் ஆச்சு. இந்த சர்வீஸுக்கு மட்டும் தனியா அஞ்சுக்கு அஞ்சு.

மூணாவது ரோல். கோடு இல்ல, இருட்டு இல்ல, ஆனா எக்ஸ்போஷர் (ஃபிலிம் மேல படுற வெளிச்சத்தோட அளவு) மட்டும் இன்னும் கோமாளித்தனம். இங்கதான் அந்த ஏழெட்டு நல்ல படம் கதைக்கு வருது. அது இருக்கிறதாலதான் நான் "மீட்டர் சரியாத்தான் இருக்கு, நம்ம கைதான் சரியில்ல"ன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு ராத்திரி உக்காந்து ரெண்டு ரோலையும் நோட்புக்கோட ஒப்பிட்டு பார்த்தேன். எஃப் நம்பர்னா அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டையோட அளவு, நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னது. எஃப் 2, எஃப் 2.8ல எடுத்ததெல்லாம் நெகட்டிவ் மெலிசு, அண்டர், அதாவது வெளிச்சம் பத்தல. எஃப் 11, 16ல எடுத்ததெல்லாம் திண்ணுனு கருப்பு, ஓவர், வெளிச்சம் அதிகம். நல்லா வந்ததெல்லாம் எஃப் 5.6, எஃப் 8. அதாவது ஒரு கோளாறு இல்ல, ரெண்டு, எதிரும் புதிருமா இழுக்குது, நடுவுல ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு நல்ல படம் மாதிரி காட்டியிருக்கு!

மொதல் கோளாறு பேட்டரி. இந்த மீட்டர் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்கு செஞ்சது, பாதரசம் இருக்கிறதால அந்த பேட்டரி இப்ப விக்கிறதில்ல. வித்தவர் அதே சைஸ் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டு கொடுத்திருக்காரு. வோல்டேஜ் கூட இருந்தா இந்த மாதிரி மீட்டர் வெளிச்சம் நிறைய இருக்குன்னு ஏமாந்துரும், நாம அத நம்பி கம்மியா எக்ஸ்போஸ் பண்ணுவோம். எல்லா கேமராலயும் இப்படி ஆகாது, சிலதுல உள்ள சர்க்யூட்டே சமாளிச்சுக்கும், என்னோடதுல இல்ல. காது மெஷினுக்கு போடுற 675 ஜிங்க்-ஏர் பேட்டரிய ஒரு வளையத்துல வெச்சு போட்டேன், 1.4 வோல்ட் கிட்ட வரும், மீட்டர் போன்ல இருக்கிற வெளிச்சம் அளக்கிற ஆப்போட ஒத்துப்போகுது. ஒரே தொல்லை, ஸ்டிக்கர உரிச்சிட்டா நாம யூஸ் பண்ணாலும் பண்ணலன்னாலும் அது பாட்டுக்கு தீர்ந்துரும். அது தீர்ந்தாலும் பரவாயில்ல, நல்ல வெயில்ல எஃப் 16 வெச்சு ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு 1/250 வெச்சா படம் வந்துரும்.

ரெண்டாவது லென்ஸ். பார்க்க பளிச்சுனு இருந்த அதே லென்ஸ்தான். ஃபோகஸ் வளையத்துல இருந்த எண்ணெய் வருஷக்கணக்குல நகர்ந்து அப்பர்ச்சர் பிளேடு மேல படிஞ்சிருக்கு. ஷட்டர் அடிக்கிற நேரத்துல பிளேடு சட்டுனு எஃப் 16க்கு சுருங்கணும், எண்ணெய் ஒட்டி மெதுவா வருது, அதுக்குள்ள ஷட்டர் திறந்து மூடியாச்சு. லென்ஸ கழட்டி பின்னாடி இருக்கிற குட்டி லிவர தள்ளி விட்டா டக்குனு துள்ளணும், என்னோடது தூக்கக் கலக்கத்துல எழுந்து வர்ற மாதிரி வந்துச்சு. வாங்கும்போது ஃபங்கஸ மட்டும் தேடுன நான் இத பார்க்கவே இல்ல. இதுவும் பெரியவர்கிட்ட போச்சு.

நாலாவது ரோல் 36க்கு 34 சுத்தமா வந்திருக்கு, ரெண்டு என் ஃபோகஸ் தப்பு. வித்தவருக்கு மெசேஜ் போட்டேன், "நான் கிளிக் பண்ணித்தான் பார்த்தேன் தம்பி, ஃபிலிம் போட்டுப் பார்க்கல"ன்னாரு. கோவம் வரல, அவரு எழுதுனதும் அதத்தானே.

புதுசா வாங்கப் போறவங்க கேக்குறாங்க, எந்த மாடல்னு. எஸ்எல்ஆரே புடிச்சுப் பழகாதவங்களுக்கு பென்டாக்ஸ் கே1000 மாதிரி மெக்கானிக்கல் சரி, 1976ல இருந்து 1997 வரைக்கும் செஞ்சாங்க, சாதாரண பட்டன் பேட்டரியே போதும், அது இல்லாமலும் ஷட்டர் ஓடும். கேனான் ஏஇ-1 மாதிரி எலக்ட்ரானிக் ஷட்டர்னா 6 வோல்ட் பேட்டரி செத்தா கேமராவும் செத்த மாதிரி, அதனால "ஷட்டர் ஜாம்"னு யாராவது சல்லிசா வித்தா மொதல்ல புது பேட்டரி போட்டு பாருங்க, சில நேரம் அவ்வளவுதான் பிரச்சினையா இருக்கும். பேட்டரி மூடிய திறந்து பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கான்னும் பாருங்க. கொஞ்சமா இருந்தா வினிகர் தொட்ட பஞ்சால துடைச்சு எடுத்துரலாம், வயர் வரைக்கும் அரிச்சிருந்தா தொடாதீங்க.

ரேட்டிங்: வந்த அன்னைக்கு இருந்த கேமராவுக்கு அஞ்சுக்கு ஒண்ணரை, இன்னைக்கு என் கையில இருக்கிற கேமராவுக்கு நாலரை. அரை மார்க் ஏன் கொறைச்சேன்னா ஒரு செகண்ட் ஸ்பீடு குளிர் நாள்ல இன்னும் லேசா இழுக்குது, அப்புறம் முன்னாடி இருக்கிற செல்ஃப் டைமர் லிவர். "அத மட்டும் தொடாதீங்க, சுத்தி விட்டு பாதியில நின்னுட்டா கேமராவே பூட்டிக்கும், அதையும் கழட்டி சரி பண்ணணும்னா இன்னும் மூணு வாரம்"னு பெரியவர் சொல்லிட்டாரு. இன்னும் தொடல.