காரைக்குடியில் அளவு கொடுத்துத் தைத்த தோல் ஜாக்கெட்

டொரண்டோவில் பதினொரு குளிர்காலங்களைக் கழித்த பிறகும் என் உடம்புக்குச் சரியாக அமையும் தோல் ஜாக்கெட் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எனக்குத் தோள் அகலம், கை குட்டை. ஆகவே இந்தத் தை மாதம் ஆச்சியைப் பார்க்க ஐந்து வார விடுப்பில் வந்தபோது, காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் தையற்காரர் ஒருவரிடம் அளவு கொடுக்க முடிவு செய்தேன். கோட்டுத் தைப்பதில் பழுத்த கை அவருடையது. தோலை மட்டும் நானே வாங்கி வரவேண்டும் என்றார்.

முதலில் போன கடையில் காட்டிய தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ‘முதல் தரம்’ என்றார்கள். மடித்துப் பார்த்தால் மேற்பூச்சு விறைத்து நின்றது, சொட்டுத் தண்ணீர் விட்டால் பிளாஸ்டிக்கில் உருள்வதுபோல் உருண்டது. மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு, சாயம் கனமாகப் பூசி, அச்சில் அழுத்திய தோல் அது. தோல் பதனிடுவதற்குப் பெயர்போன திண்டுக்கல்லில்தான் நான் தேடியது கிடைத்தது: சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில், குரோமிய உப்பில் பதனிட்ட (குரோம் தோல் என்பார்கள்) கறுப்பு வெள்ளாட்டுத் தோல். செம்மறித் தோல் இன்னும் மென்மையானது, ஆனால் எளிதில் கிழியும். மாட்டுத் தோல் நன்றாக உழைக்கும், ஆனால் தோளில் கனக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் பழைய முறைத் தோலின் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும் என்றாலும், ஆடைக்கு வேண்டிய துவளும் தன்மைக்காகக் குரோம் தோலையே எடுத்தேன். ஓர் ஆட்டுத் தோல் ஐந்து சதுர அடி அளவுதான் வரும் என்பதால், கழிவையும் சேர்த்து ஒன்பது தோல்கள் தேவைப்பட்டன. அத்தனையும் ஒரே சாயத் தொட்டியில் இறங்கியவையா என்று கடை வாசலில், பகல் வெளிச்சத்தில் பக்கம்பக்கமாக விரித்துப் பார்த்தே வாங்கினேன். இரண்டில் முள் கீறிய மெல்லிய தழும்பு இருந்தது. கருவேலங்காட்டில் மேய்ந்த ஆட்டுக்கு அது இல்லாமல் இருக்குமா?

துணியில் தவறாக விழுந்த தையலைப் பிரித்துவிடலாம்; தோலில் ஊசித் துளை துளையாகவே நின்றுவிடும். இதனால் தையற்காரர் முதலில் காடாத்துணியில் முழு ஜாக்கெட்டையும் தைத்துப் போட்டுக் காட்டினார். நான் கனடாவிலிருந்து கம்பளி ஸ்வெட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். காரைக்குடி வெயிலில் பனியன்மேல் எடுத்த அளவு டொரண்டோவின் ஜனவரிக்கு உதவாது என்பதால், வியர்வை வழிய அதைப் போட்டுக்கொண்டே நின்றேன். “தம்பி, கார் ஓட்டுற மாதிரி கையை நீட்டுங்க” என்றார். நீட்டியதும் ஜாக்கெட் முழுவதும் இடுப்பிலிருந்து மேலேறியது. அக்குள் வளைவு இறக்கமாக விழுந்திருந்ததுதான் காரணம். அதை அரை அங்குலம் உயர்த்தியபின், கையை எத்தனை முறை தூக்கினாலும் இடுப்புப் பட்டி அசையவில்லை. கைநீளத்தை முழங்கையை மடக்கி வைத்தே அளந்தார்.

வெட்டும் நாளன்று நானும் உடன் இருந்தேன். முதுகுக்கும் முன்பாகங்களுக்கும் தோலின் நடுப்பகுதியை ஒதுக்கினார். தளர்ந்து இழுபடும் வயிற்றுப்பகுதி உள்பட்டிகளுக்குப் போனது. நெருங்கிய தையல் தோலைத் தபால்தலை ஓரம்போல் துளைத்துக் கிழிய வைக்கும் என்பதால் தையலை எட்டி எட்டிப் போட்டார், இணைப்புகளைப் பசை தடவிச் சிறு சுத்தியலால் தட்டிப் படியவைத்தார். லைனிங்கும் ஜிப்பும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தரமான ஜிப்பை நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது.

அளவு கொடுத்ததிலிருந்து கைக்கு வர 24 நாட்கள் ஆயின. குறுகிய விடுப்பில் வருகிறவர்கள் இறங்கிய மறுநாளே தொடங்கிவிட வேண்டும். கை மட்டும் கால் அங்குலம் நீளமாகத் தெரிந்ததால் குறைக்கச் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். முழங்கையில் மடிப்பு விழுந்ததும் கை தானே மேலேறும், ஒரு குளிர்காலம் போட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார். இங்கே டொரண்டோவில் மார்ச் முடிவதற்குள் மணிக்கட்டு எலும்பில் வந்து சரியாக நிற்கிறது.