காலையில் சுங்கை பூலோ, மாலையில் தேக்கா: முதுகுப்பையோடு தனியாக வருகிறவர்களுக்கு

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய் "ஒரு பறவையையும் காணோம்" என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் நேரம் தவறிப் போனவர்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மாதங்களில் எந்த நாள், எத்தனை மணி என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. கடல் வற்றியிருக்கும்போது கரைப்பறவைகளான பவளக்காலிகளும் உப்புக்கொத்திகளும் ஜொகூர் நீரிணையோரச் சேற்றில் சிதறி மேயும். தண்ணீர் ஏறிச் சேறு மூழ்கியதும் காப்பகத்துக்குள் இருக்கும் குளங்களுக்கு வந்து கூட்டமாக ஒதுங்கும். பார்வைக் குடில்கள் அந்தக் குளங்களைப் பார்த்தபடிதான் இருக்கின்றன. ஆகவே ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடிலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

இங்கே ஒரு நாளில் பொதுவாக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். சிங்கப்பூருக்கான ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. நாலைந்து நாள் தங்குகிறவர்கள் காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையே ஏற்றம் வரும் நாளைக் காட்டுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களை ஊர் சுற்ற வைத்துக்கொள்ளலாம். தங்கும் நாட்களில் அப்படி ஒன்று அமையாவிட்டாலும் போகலாம், ஆனால் பார்க்கப்போவது வேறு: சேறுதாவி மீன்கள், மரமேறும் நண்டுகள், ஆற்றின் மேலுள்ள பெரிய பாலத்திலிருந்து கரையில் படுத்திருக்கும் உவர்நீர் முதலை. முதலைக்காகவே வருகிறவர்களுக்கு வற்றம்தான் நல்ல நேரம் என்பது என் கணிப்பு. கரை வெளியே தெரியும், வெயிலுக்கு அது மேலே வந்து கிடக்கும்.

காப்பகம் 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் சட்டப்படி இயற்கை வனமானது. அனுமதி இலவசம். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், சூரியன் உதிப்பதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தங்கியிருந்தால் லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் ரயில் தடத்தில் ஏறி, அடுத்த நிலையமான நியூட்டனில் இறங்கி, சிவப்புத் தடத்தில் ஜூரோங் ஈஸ்ட் பக்கம் போகும் ரயிலில் கிராஞ்சிக்குப் போக வேண்டும். அங்கிருந்து 925 பேருந்து. கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்கா 'பி' நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் வருகையாளர் நிலையம். அந்தப் பேருந்து அடிக்கடி வராது. திரும்பும்போது குடிலை விட்டுக் கிளம்புமுன் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டால் வெயிலில் நிற்பது மிச்சம். வெளிநாட்டு வங்கி அட்டையைத் தட்டியே ரயிலிலும் பேருந்திலும் போகலாம், ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். நீண்ட நாள் தங்குகிறவர் பணம் நிரப்பிப் பயன்படுத்தும் உள்ளூர்ப் பயண அட்டையான ஈசி-லிங்க் எடுப்பது மேல். எந்த அட்டையானாலும் பேருந்தில் இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும்.

இனி பைனாகுலர். இந்த ஊரில் அதைத் தொடர்ந்து வைத்திருப்பவர்களுக்குப் பெரும் பகை ஈரப்பதம். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். வாங்கும்போது 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ.) எடுங்கள். 10× தனியாளின் கையில், அதுவும் நடந்து வந்த மூச்சோடு, ஆடிக்கொண்டே இருக்கும். 8×42இல் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5 மி.மீ.க்குச் சற்று அதிகம், 8×32இல் 4 மி.மீ. அலையாத்தி மரநிழலில் காலை ஏழரை மணிக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எடை முக்கியம், முதுகுப்பை ஏற்கெனவே கனக்கிறது என்றால் 8×32 போதும். வெயில் ஏறிய பிறகு இரண்டும் ஒன்றுதான்.

குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து வெளியே நீட்டிய கணமே கண்ணாடி முழுக்கப் பனி படரும். துடைத்தால் மறுபடி படரும். துடைத்துக்கொண்டே இருந்தால் மேலிருக்கும் உப்பும் தூசும் கண்ணாடியின் மெல்லிய மேல்பூச்சைக் கீறும். காரணம் எளிது: கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, காற்று ஈரமாக இருக்கிறது. ரயிலும் பேருந்தும்கூடக் குளிரூட்டப்பட்டவை என்பதால் காப்பகம் சேரும்வரை அது குளிர்ந்தே இருக்கும். காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பேருந்தை விட்டு இறங்கியபின் பதினைந்து இருபது நிமிடம் பையைத் திறக்காமலேயே நடங்கள். வெளியே உள்ள சூட்டுக்கு வந்த கண்ணாடியில் பனி படியாது.

பூஞ்சை மெதுவாக வரும், ஆனால் வந்தால் போகாது. கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூச்சைத் தின்னத் தொடங்கிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் நிற்கும் உலர்பெட்டியில் வைப்பார்கள். தங்கும் விடுதியில் அதற்கு வழியில்லை. இரவு உலர்ந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு ஜிப் பையில் மூடுங்கள். நனைந்த தோல் உறையிலோ ஈரச் சட்டையோடு முதுகுப்பையிலோ விட்டுவிடுவதுதான் பூஞ்சைக்குப் போடும் விதை.

கொசு மருந்தில் கவனம் வேண்டும். டீட் என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் கலந்தது சில வகை பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். அதைத் தடவிய விரலால் பைனாகுலரை நாள்தோறும் பிடித்தால் ரப்பர் உறை பிசுபிசுத்துப் போகும். அதற்குப் பதிலாக 20 விழுக்காடு பிக்காரிடின் என்ற கொசுவிரட்டி உள்ளதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள், டெங்கி இங்கே ஆண்டு முழுவதும் உண்டு.

காப்பகத்திலுள்ள வலசைப் பறவைப் பாதைச் சுற்று 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குடிலில் உட்காரும் நேரத்தோடு மூன்று மணி நேரம் ஆகும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கட்டாயம். தின்பண்டத்தை பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் பை கண்டால் விடாது. வனவிலங்குக்கு உணவு போடுவது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். உடும்பு பாதையில் குறுக்கே கிடந்தால் அவசரப்படாமல் அது போகும்வரை நில்லுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் திடீரென்று அடிக்கும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இடி கேட்டால் திறந்த பாலத்தில் நிற்க வேண்டாம். மழை குறைவு, பறவை உண்டு என்ற இரண்டும் சேர்வது பிப்ரவரியில்.

திரும்பும் வழியில் கிராஞ்சி போர் நினைவகத்தில் அரை மணி நேரம் செலவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்குள்ள தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் படையினரின் வரிசையை நின்று படிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பலர் இதைத் தெரியாமலேயே கடந்து போகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

தேக்காவுக்குப் பிற்பகலில் வந்து சேர்ந்தால் கோயில் நடை சாத்தியிருக்கும், மாலையில்தான் திறக்கும். அந்த இடைவெளிக்கு கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் பொருத்தம். குளிரூட்டியது, திங்கட்கிழமை விடுமுறை. அதற்கு முன் தேக்கா உணவங்காடியில் சாப்பிடுங்கள். மேசையில் தாள்கைக்குட்டை (டிஷ்யூ) பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை ஒருவர் பிடித்துவிட்டார் என்று பொருள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள்.