ஜப்பானா சீனாவா: ஜகார்த்தா ரயிலும் பண்டாரவளை கெணறும்

தலவாக்கலையில பஸ்ஸுக்கு நிக்கிறப்போ மேல்கொத்மலை மின்சார அணைக்கட்டு தண்ணிய பாத்துகிட்டே ஒரு தம்பி சொன்னான், "ஜப்பான்காரன் வேலைன்னா வேலைதான் அண்ணே, வட்டியும் கொறவு, எல்லா கொந்தராத்தையும் அவனுக்கே குடுத்துறணும்"னு. மேல்கொத்மலைய பாத்தா அப்படித்தான் தோணும், 150 மெகாவாட், ஜப்பான் கடன்ல கட்டி 2012ல இருந்து கரண்ட் குடுக்குது. ஆனா வட்டிய மட்டும் வச்சு கணக்கு போடக்கூடாது, பஸ் வந்துருச்சு, முழுசா சொல்ல முடியல, அதான் எழுதுறேன்.

இந்தோனேசியாவ எடுங்க. ஜகார்த்தா டு பண்டுங் வேக ரயில், 142 கிலோமீட்டர். 2015ல ஜப்பானும் சீனாவும் மோதிச்சு, கம்பெனிங்க டெண்டர் போட்டாலும் பின்னால நின்னது ரெண்டு அரசாங்கமும்தான். ஜப்பான் சொன்னது 40 வருசக் கடன், வட்டி வெறும் 0.1 வீதம், ஆனா இந்தோனேசிய அரசாங்கம் பிணைக்கு கையெழுத்து போடணும். சீனா வட்டி 2 வீதம், இருபது மடங்கு, ஆனா பிணையே வேணாம், உங்க பட்ஜட்ல கைவைக்க மாட்டோம், ரெண்டு நாட்டு கம்பெனிங்களும் 60க்கு 40ன்னு பங்கு போட்டு நடத்திக்குறோம்னாங்க. சீனாவுக்கே குடுத்துட்டாங்க.

அந்த முடிவ நான் மடத்தனம்னு சொல்லமாட்டேன். எங்க மாமா கூட்டாளியோட த்ரீவீல் லீசிங்குக்கு பிணை நின்னாரு, கூட்டாளி கட்டாம விட்டதும் லயத்து வாசலுக்கு ஆள் வந்தது மாமாவ தேடி, அத்தை பேசாம தோட்ட கழட்டி குடுத்தாங்க, நான் பக்கத்துலதான் நின்னேன். பிணைன்னா பயம் வரத்தான் செய்யும்.

ஆனா பிணை இல்லாத கடன் எங்க போய் முடிஞ்சுதுன்னு பாருங்க. 2019ல முடிக்கிறதா சொன்னது 2023 அக்டோபர்லதான் தொறந்துச்சு, செலவு 1.2 பில்லியன் டொலர் அளவுக்கு கூடிப்போச்சு. 2021லயே சட்டத்த மாத்தி பட்ஜட் சல்லிய போட வேண்டியதாச்சு, கூடுன செலவுக்கு கடன் கேக்கப்போன எடத்துல வட்டியும் ஏறிச்சு, அரசாங்கம் பிணை நிக்கணும்னும் கேட்டாங்க. அதனால என் ஓட்டு ஜப்பானுக்குத்தான், சாமானும் கொந்தராத்தும் அவங்க கம்பெனிக்கேன்னு பலநேரம் கட்டிப்போடுவாங்க, அது தலையிடிதான், ஆனா எதுக்கு கையெழுத்து போடுறோம்னாவது மொதல்லயே தெரியும்.

மூணாவது ஒரு வகை இருக்கு, பின்னால நிக்கிற அரசாங்கத்தால நிக்க முடியாம போறது. உமா ஓயான்னு நம்ம ஊவாப்பக்கத்து தண்ணி, கரண்ட் திட்டத்த ஈரான் கம்பெனி ஈரான் கடனோட எடுத்துச்சு, ஈரான் மேல பொருளாதாரத் தடை வந்து கடன் நின்னதும் மிச்சத்த போட்டது நம்ம திறைசேரி. 2014 கடைசியில அந்த திட்டத்துக்கு தோண்டுன சுரங்கத்துக்குள்ள தண்ணி பீறிட்டு, பண்டாரவளை பக்கம் கெணறு வத்தி வீட்டு செவரு வெடிச்சுது. அக்கா வீட்டுக்காரரோட ஊர் அந்தப்பக்கம்தான். நான் போனப்போ வாளிய எறக்குறாங்க, எறக்குறாங்க, கயிறு முடிஞ்சு கல்லுல தட்டுற சத்தம்தான் கேட்டுச்சு, அதுக்குள்ள ரோட்டுல தண்ணி பவுசர் ஹோன் அடிக்குது, அக்கா ரெண்டு கேனையும் தூக்கிட்டு ஓடுனா.