மாரத்தான் பரிசுத்தொகை: அறிவிப்பில் இருப்பதும் கைக்கு வருவதும்

அண்மை ஆண்டுகளின் பட்டியலைப் பார்த்தால் முதலிடத்துக்கு பாஸ்டனில் 1,50,000 டாலர், நியூயார்க்கிலும் சிகாகோவிலும் 1,00,000, லண்டனில் 55,000. இதை மட்டும் வைத்து லண்டனைக் கஞ்சப் பந்தயம் என்று ஒதுக்கினால் கணக்கு தப்பிவிடும். 2023-இல் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் அங்கே 2:01:25-இல், அதாவது 2 மணி 1 நிமிடம் 25 விநாடியில், ஓடி முடித்தார். முதலிடத்துக்கு 55,000, அந்தப் பந்தயத்தின் சாதனையை முறியடித்ததற்கு 25,000, 2:02-க்குள் முடித்ததற்கு 1,50,000. ஆக 2,30,000 டாலர். அதில் ஜெயித்ததற்கான பங்கு கால்வாசிகூட இல்லை.

லண்டன் நேரத்துக்குக் காசு கொடுக்கிறது. பாஸ்டனும் நியூயார்க்கும் பெரும்பாலும் இடத்துக்குக் கொடுக்கின்றன. பந்தயம் நடக்கும் விதமும் அதற்கேற்றதுதான். லண்டனில் வேகம் பிடித்துத் தரும் பேசர்கள் உண்டு, பாதையும் பெரும்பாலும் சமதளம். மற்ற இரண்டிலும் மேடுபள்ளம் அதிகம், முன்னணி வீரர்களுக்குப் பேசர் கிடையாது. ஒருவரை ஒருவர் நோட்டம் விட்டபடி ஓடி, கடைசி 10 கிலோமீட்டரில்தான் வெட்டிக்கொண்டு போவார்கள். நேரம் சுமாராக இருந்தாலும் கடைசியில் பாயத் தெரிந்தவருக்கு அங்கே லாபம். ஒரே சீராக வேகமாக ஓடுகிறவர், ஆனால் கடைசி 400 மீட்டரில் கால் வராது என்றால் லண்டனே மேல். ஊக்கத்தொகைக்கான நேரத்தை எட்டினால் மூன்றாவதாக வந்தாலும் நல்ல தொகை தேறும்.

உலக சாதனைக்கு என்று தனியாக ஆசை காட்டும் பந்தயங்களும் இருந்தன. 2008-இல் துபாய் உலக சாதனைக்கு 10 லட்சம் டாலர் அறிவித்தது. எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரெசெலாசி 2:04:53-இல் முதலாவதாக வந்தார். அவர் பெயரிலேயே இருந்த சாதனை 2:04:26. 27 விநாடியில் 10 லட்சம் போயிற்று, முதலிடத்துக்கான 2,50,000 மட்டும் மிஞ்சியது. இந்த வகைத் தொகையை வரவுக் கணக்கில் எழுதவே கூடாது. ஜப்பான் போட்ட திட்டம் இதைவிடப் புத்திசாலித்தனமானது. அங்கே இலக்கு உலக சாதனை இல்லை, தேசிய சாதனை. பரிசு 10 கோடி யென். எட்டக்கூடிய தூரத்தில் இருந்ததால் ஜப்பானிய வீரர் சுகுரு ஒசாகோ 2018-இலும் 2020-இலும் என இரண்டு முறை வாங்கினார்.

பாஸ்டனில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது உலக சாதனையாகப் பதிவாகாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரம் பந்தயத் தூரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, இறக்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பாஸ்டன் இரண்டிலும் தவறுகிறது. 2011-இல் கென்ய வீரர் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2:03:02-இல் ஓடியது அன்றைய உலக சாதனையைவிட வேகம், ஆனாலும் ஏற்கப்படவில்லை. ஷூ கம்பெனி ஒப்பந்தத்தில் உலக சாதனைக்கு என்று தனி ஊக்கத்தொகை இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி கழிவுகள். வெளிநாட்டு வீரரின் பரிசில் அமெரிக்கா பொதுவாக 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும், பிரிட்டன் 20 சதவீதம். ஏஜெண்டுக்கு வழக்கமாக 15 சதவீதம், அதுவும் மொத்தத் தொகையில். நியூயார்க்கில் 1,00,000 ஜெயித்தவருக்கு வரி 30,000, ஏஜெண்ட் 15,000 போக 55,000 நிற்கும். பயிற்சியாளர் பங்கு இன்னும் கழியவில்லை. அதுவும் உடனே வராது. ஊக்கமருந்துப் பரிசோதனை முடிவு வரும்வரை பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். 2014-இல் கென்ய வீராங்கனை ரீட்டா ஜெப்டூவுக்கு, பெரிய நகர மாரத்தான்களைச் சேர்த்துப் புள்ளி கணக்கிடும் மேஜர்ஸ் தொடரின் 5,00,000 டாலர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது பரிசோதனையில் இபிஓ என்ற ஊக்கமருந்து சிக்கியது, தொகை நிறுத்தப்பட்டது.

உலக சாம்பியன்ஷிப் மாரத்தான் தங்கத்துக்கு 70,000 டாலர். பிரபல வீரர்கள் வந்து ஓடுவதற்காக நகர மாரத்தான்கள் தனியே பேசிக் கொடுக்கும் வருகைத் தொகை அங்கே கிடையாது.

மாரத்தானைவிட நீளமான அல்ட்ரா பந்தயங்கள் பக்கம் போனால் பணம் சட்டென்று வற்றிவிடுகிறது. அமெரிக்காவின் 161 கிலோமீட்டர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் பரிசுப்பணமே இல்லை. 24 மணி நேரத்துக்குள் முடித்தால் வெள்ளி பெல்ட் பக்கிள். கிரேக்கத்தின் 246 கிலோமீட்டர் ஸ்பார்டத்லானில் ஆலிவ் கிரீடம். ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி 2018-இல்தான் பணம் கொடுக்கவே தொடங்கியது. இங்கே பிழைப்பு ஸ்பான்சரை நம்பித்தான். நெடுந்தூர உழைப்புக்குப் பணமும் வேண்டும் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் தேவலை. அதன் நெடுந்தூர வகையான அயர்ன்மேன் உலகப் போட்டியில் முதலிடத்துக்கு 1,25,000 டாலர்; தொழில்முறை வீரர்களுக்காக 2024-இல் வந்த ப்ரோ தொடரின் 17 லட்சம் டாலர் முதல் 50 இடங்கள் வரை பகிரப்படுகிறது. ஒரே நாளை நம்பாமல் பருவம் முழுக்கப் புள்ளி சேர்க்கலாம் என்பது அதன் பெரிய வசதி.

பரிசு இடங்களை நெருங்கி ஓடுகிறவர்கள் பதிவு செய்யும் முன் பந்தய விதியில் ஒரு வரியைத் தேடுங்கள்: பரிசு துப்பாக்கி நேரத்துக்கா (தொடக்க வெடி வெடித்ததிலிருந்து எண்ணுவது), சிப் நேரத்துக்கா (நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுவது)? பெரும்பாலும் முதலாவதுக்குத்தான். பின் வரிசையில் நின்று கிளம்பி, சிப் கணக்கில் பரிசு வாங்கியவரைவிட வேகமாக முடித்தாலும் காசு வராது. முன்னணி வீரர்கள் நிற்கும் எலீட் வரிசையில் இடம் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.