65 இன்ச் வாங்கிய பிறகுதான் டிஸ்க் வாங்கத் தோன்றியது

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீட்டு 43 இன்ச் டிவியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. ஒன்பது வருடம் உழைத்த டிவி, குறை சொல்ல ஒன்றுமில்லை. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. சரி, இப்போதே வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம். 55ஆ 65ஆ என்பதுதான் அப்போது இருந்த ஒரே கேள்வி. ஓடிடியா, டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே டிஸ்க்கா என்ற கேள்வி டிவி வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு மழைக்காட்சியைப் பார்த்தபோது வந்தது. இப்போது யோசித்தால் இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் படுகிறது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அளவு. எங்கள் ஹால் ஒன்றும் பெரிதில்லை, சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் சுவருக்கும் எட்டரை அடி. கடைக்காரர் "உங்க ஹாலுக்கு 55 தாராளம் சார், 65 கண்ண உறுத்தும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரைப்படப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான எஸ்எம்பிடிஇ, படம் பார்ப்பவரின் பார்வையில் திரை குறைந்தது 30 டிகிரி அகலத்துக்கு இருக்க வேண்டும் என்கிறது. திரையரங்குகளுக்குத் தரச் சான்று தரும் டிஹெச்எக்ஸ் நிறுவனத்துக்காரர்கள் 40 டிகிரி வரை போகலாம் என்கிறார்கள். டிவியின் இன்ச் அளவை 1.6ஆல் பெருக்கினால் 30 டிகிரிக்கான தூரம் இன்ச்சில் கிடைத்துவிடும், 1.2ஆல் பெருக்கினால் 40 டிகிரிக்கான தூரம். 55 இன்ச்சுக்கு 30 டிகிரி வேண்டுமென்றால் ஏழேகால், ஏழரை அடியில் உட்கார வேண்டும். 65க்கு எட்டே முக்கால் அடி. ஆக, எட்டரை அடியில் உட்காரும் எங்களுக்கு 65 என்பதே ஆரம்ப அளவுதான்.

இதைவிட என்னை முடிவெடுக்க வைத்தது இன்னொரு கணக்கு. டிவி 16:9 வடிவம். நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப், அதாவது உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலம். 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், அதற்கு அப்புறம் அந்த வடிவம் நம் ஊரை விட்டுப் போகவே இல்லை. டிவியில் ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்துவிடும், திரையின் உயரத்தில் முக்கால் பங்கு மட்டுமே படம். 55 இன்ச் டிவியில் ஸ்கோப் படத்தின் உயரம் வெறும் 20 இன்ச். எங்கள் பழைய 43 இன்ச் டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது திரை முழுக்க 21 இன்ச் உயரம்! அகலம் கூடினாலும், ஆட்கள் அதே அளவில்தான் தெரிவார்கள் என்றால் எதற்காக அவ்வளவு செலவு? 65இல் இது கிட்டத்தட்ட 24 இன்ச். பரப்பளவில் பார்த்தால் 55ஐவிட 65 கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் பெரிது. பேருக்குப் பத்து இன்ச் வித்தியாசம்தான், கண்ணுக்கு அப்படி இல்லை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் 4 அடி 9 இன்ச் அகலம், 2 அடி 8 இன்ச் உயரத்துக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். கடையில் கூரை உயரம், ஹால் பெரிது, அங்கே 65கூடச் சின்னதாகத் தெரியும். அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அப்புறம், மாட்டும் உயரம். ஷோகேஸுக்கு மேலே, கழுத்தை அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மாட்டிவிட்டு "பெரிய டிவி கண்ணை வலிக்குது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தால் கண் இருக்கும் மட்டத்தில், தரையிலிருந்து மூன்றரை அடி வாக்கில் திரையின் நடுப்பகுதி இருந்தால் பெரிய டிவியால் எந்தத் தொல்லையும் இல்லை. ஏழு அடிக்குள் உட்காரும் சின்ன ஹால் என்றால் 55 சரி. பத்து அடி என்றால் 75 பார்க்கலாம், ஆனால் அந்த அளவை நான் வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை, கடையில் நின்று பார்த்ததோடு சரி.

சரி, டிவி வந்தது. முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாவது வாரம் ஓடிடியில் ஒரு படம், ராத்திரி நேரம், மழை, கையில் டார்ச். 43இல் இதே படத்தை ஒரு குறையும் தெரியாமல் பார்த்திருக்கிறேன். 65இல் அந்த இருட்டு இருட்டாகவே இல்லை. கறுப்பு வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகப் பிரிந்து நின்றது, மழைத்தாரைகள் குழைந்து ஒரே சாம்பல் நிறப் பூச்சாக இருந்தன. முதலில் டிவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். நண்பர் ஒருவர் தன் ப்ளேயரையும் ஒரு டிஸ்க்கையும் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அதே டிவியில், அதே மாதிரி இருட்டுக் காட்சியில், வானம் மெல்லக் கருத்துக்கொண்டே போனது. அன்றைக்குத் தெரிந்தது, கோளாறு டிவியில் இல்லை, டிவிக்கு வந்து சேரும் தரவில் என்று.

இந்த ஒரு விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் '4கே' என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 4கே என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும்தான். 3840க்கு 2160, ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் ஒரு ஃபிரேமில், நொடிக்கு 24 ஃபிரேம். எதையும் சுருக்காமல் இதை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 3,000 மெகாபிட் அளவுக்கு வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கு, 4கேவுக்கு மணிக்கு 7 ஜிபி வரை. அதை நொடிக்கு என்று வகுத்தால் 15 மெகாபிட் சொச்சம், அதாவது இருநூறில் ஒரு பங்கு. 4கே ப்ளூ-ரே டிஸ்க்கில் உச்ச அளவு நொடிக்கு 128 மெகாபிட், படம் முழுக்கச் சராசரியாக 50, 60 என்று ஓடும், அதாவது ஐம்பது அறுபதில் ஒரு பங்கு. டிஸ்க்கும் சுருக்கியதுதான், ஆனால் மூன்று நான்கு மடங்கு குறைவாகச் சுருக்கியது. ஒரு ஒப்பீட்டுக்கு, நாம் ஒரு காலத்தில் படத்துக்கு இரண்டு மூன்று என்று மாற்றி மாற்றிப் போட்ட விசிடி நொடிக்கு 1.15 மெகாபிட், டிவிடியின் உச்சம் 9.8, சாதாரண ப்ளூ-ரேயின் உச்சம் 40.

சுருக்குவது எப்படி என்றால், முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் அனுப்புவது. ஒரு அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் சுவர் மாறாது, நாற்காலி மாறாது, உதடும் கையும் மட்டும் அசையும். இதற்கு 15 மெகாபிட் தாராளம், சீரியலுக்கும் பேட்டிக்கும் நகைச்சுவைப் படத்துக்கும் ஓடிடியில் ஒரு குறையும் தெரியாது. மழை, புகை, புழுதி, தேர்த் திருவிழாக் கூட்டம், மேலிருந்து கொட்டும் பூ, இவையெல்லாம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுகிறவை, அதையெல்லாம் அனுப்ப 15 மெகாபிட்டில் இடம் கிடையாது. ஃபிலிமில் எடுத்த பழைய படங்களில் இருக்கும் மணிமணியான கிரெய்னும் அப்படித்தான், ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு. சுருக்கும்போது அது வழித்தெடுக்கப்பட்டு முகங்கள் மெழுகு பூசியது போலாகிவிடும். இருட்டில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்ற கணக்கில் அங்கேயும் கை வைப்பார்கள். சின்ன டிவியில் நிஜமாகவே தெரியாது. 65இல் தெரிகிறது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், 2019 ஏப்ரலில் வந்த 'தி லாங் நைட்' பகுதி, முழுக்க இரவில் நடக்கும் போர். உலகம் முழுக்க மக்கள் "ஒன்றுமே தெரியவில்லை" என்றார்கள். இருட்டாக எடுத்ததும் ஒரு காரணம், ஆனால் சுருக்கி அனுப்பியதில் பட்டையும் கட்டமும் விழுந்தது பெரிய காரணம். அதே பகுதியை அப்புறம் 4கே டிஸ்க்கில் பார்த்தேன். இருட்டு அதே இருட்டுதான், ஆனால் அதற்குள் ஆட்கள் நிற்பது தெரிகிறது. என் கண்ணுக்கு, ஓடிடியின் 4கேவைவிட, உயரத்தில் 1080 புள்ளிகள் மட்டுமே உள்ள சாதாரண ப்ளூ-ரே பல காட்சிகளில் தெளிவாக இருக்கிறது. எல்லாப் படத்திலும் இல்லை, ஆனால் இருட்டும் மழையும் வரும் படங்களில் கண்டிப்பாக.

இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று என் மைத்துனர் கேட்டார். எங்களுக்கு 200 மெகாபிட் லைன் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து 15தான் அனுப்புகிறார்கள் என்றால் மீதி 185ஐ வைத்து என்ன செய்ய? ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லார் வீட்டிலும் படம் ஓடும்போது அந்த 15ம் குறையும். விலைத்திட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், நெட்ஃபிளிக்ஸில் மாதம் 649 ரூபாய் திட்டத்தில்தான் 4கே, 199 ரூபாய் திட்டத்தில் உயரத்தில் வெறும் 720 புள்ளிகள். இந்த 199 ரூபாய் திட்டத்தோடு 65 இன்ச் டிவி வாங்குபவர்கள் 43 வாங்கிவிட்டு மீதிப் பணத்தை மிச்சப்படுத்தலாம், இதை நிஜமாகவே சொல்கிறேன்.

ஒலியிலும் வித்தியாசம் உண்டு, டிஸ்க்கில் ட்ரூஹெச்டி என்ற இழப்பில்லாத ஒலி, ஓடிடியில் சுருக்கிய டால்பி. என்னிடம் இருப்பது ஒரு சவுண்ட்பார் மட்டும்தான், அதில் கேட்ட வரைக்கும் டிஸ்க்கில் அடி ஒலி கொஞ்சம் கனமாக இருக்கிறது. அதற்கு மேல் அழுத்திச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, டிஸ்க்கின் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் படங்கள் கிடைப்பதில்லை. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட்டு மளிகைக் கடையில்கூடத் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக ஐங்கரன் நிறுவனம் போட்ட டிவிடிகளும் ப்ளூ-ரேக்களும் இருந்தன. இப்போது புதுத் தமிழ்ப் படம் பார்க்க ஓடிடியை விட்டால் வழியில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம், நம் ஒளிப்பதிவாளர்கள் அவ்வளவு உழைத்து எடுக்கும் இரவுக் காட்சிகளை வீட்டில் ஒழுங்காகப் பார்க்க ஒரு வழி இல்லை. என் அப்பாவுக்குத் தமிழ் டப்பிங் வேண்டும், அதுவும் ஓடிடியில்தான். எனவே எங்கள் வீட்டில் ஓடிடி நிற்கவில்லை, இரண்டு சந்தாவை ஒன்றாகக் குறைத்தோம், அவ்வளவுதான். டிஸ்க் என்பது திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களுக்கு மட்டும். ஒரு டிஸ்க் எனக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை ஆகிறது, இதுவரை பதினான்கு வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடும் படத்துக்கு அந்தப் பணம் வீண். அதே சமயம், அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு ஓடிடி சேவையில் பட்டியலில் போட்டு வைத்திருந்த படம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனது, உரிமைக் காலம் முடிந்திருக்கும். அலமாரியில் இருக்கும் பதினான்கும் அங்கேயே இருக்கின்றன.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று விஷயங்கள். 4கே டிஸ்க்கில் வட்டாரப் பூட்டு கிடையாது, அமெரிக்காவில் வாங்கினாலும் இங்கே ஓடும். சாதாரண ப்ளூ-ரேயில் உண்டு, இந்தியா சி வட்டாரம், ஏ அல்லது பி மட்டும் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 வீட்டில் இருந்தால் அதிலேயே 4கே டிஸ்க் ஓடும், காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரிசெய்யும் டால்பி விஷன் மட்டும் வராது. ப்ளூ-ரேயில் தரவு இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான், அதனால்தான் மேலே கடினமான பூச்சு கொடுத்திருக்கிறார்கள். டிவிடி அளவுக்குச் சுலபமாகக் கீறல் விழாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் பழைய டிவிடிகளில் பூஞ்சை பிடித்த அனுபவம் இருப்பதால் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

என் கவலை டிஸ்க்கைப் பற்றி இல்லை, ப்ளேயரைப் பற்றித்தான். ஓப்போ 2018இலேயே நிறுத்திவிட்டது, சாம்சங் 2019இல் புது மாடல் போடுவதை விட்டது, எல்ஜியும் 2024 கடைசியில் கையைக் கழுவிவிட்டது. பெரிய நிறுவனங்களில் சோனியும் பானசோனிக்கும்தான் மிச்சம். டிஸ்க் சுற்றும் மோட்டாரும் லேசரும் தேயும் பாகங்கள், எங்கள் ஊரில் இதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அடுத்த டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் இரண்டாவது ப்ளேயர் ஒன்றை வாங்கிப் பெட்டி பிரிக்காமல் பரண்மேல் வைத்துவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.