பெயிண்ட் தடிமன் மீட்டர்: கிளாசிக் கார் வாங்கப் போகிறவருக்கு எவ்வளவு உதவும்?

உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் பெயிண்ட் தடிமன் மீட்டர் பல பெயர்களில் கிடைக்கிறது. நிறமும் ஸ்டிக்கரும் மாறுமே தவிர, சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். பிளாஸ்டிக் கூடு, சின்னத் திரை, கீழே ஸ்பிரிங் வைத்த முனை. கூடவே ஒரு பையில் வெறும் இரும்புத் தகடு, அலுமினியத் தகடு, தடிமன் அச்சடித்த நான்கைந்து பிளாஸ்டிக் தாள்கள். இரும்பு, அலுமினியம் இரண்டின் மேலும் அளக்கும். 1,250 அல்லது 1,500 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை காட்டும். அதற்கு மேல் போனால் எண் வராது, கோடு வரும். நாற்பது ஐம்பது வருடத்து வண்டியில் பட்டி, அதாவது பள்ளத்தையும் ஓட்டையையும் நிரப்பிப் பெயிண்டுக்கு அடியில் இழுக்கும் பசை, எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட இது போதுமா? தாராளமாகப் போதும். ஆனால் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பி விலை பேசப் போனால் கை சுடும்.

ஏனென்றால் இந்தக் கருவிக்குத் துரு தெரியாது, பெயிண்டும் தெரியாது. தன் முனைக்கும் கீழே இருக்கும் உலோகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது ஒன்றுதான் தெரியும். அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு இருப்பது பெயிண்டா, பட்டியா, ஈயமா, தார்ப் பூச்சா என்று கண்டுபிடிப்பது நம் வேலை. இரும்பின் மேல் காந்தப் புலத்தை வைத்தும், அலுமினியத்தின் மேல் சுழல் மின்னோட்டத்தை (முனை உலோகத்துக்குள் தூண்டிவிடும் மின்னோட்டம்) வைத்தும் அளக்கிறது. திரையில் எஃப்இ (Fe) என்று வந்தால் அடியில் இரும்பு, என்எஃப்இ (NFe) என்று வந்தால் காந்தம் ஒட்டாத உலோகம். பலரும் கவனிக்காமல் விடும் இந்த எழுத்துக்குச் சில வண்டிகளில் எண்ணைவிட மதிப்பு அதிகம். அதைப் பிறகு பார்ப்போம்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் நேராக வண்டிமேல் வைக்கக் கூடாது. முதலில் இரும்புத் தகட்டில் வைத்துப் பூஜ்ஜியம் செய்ய வேண்டும். பிறகு 100, 500 என்று போட்ட தாள்களைத் தகட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 100க்கு 96 வந்தாலும் 104 வந்தாலும் கவலையில்லை. பட்டி தேடும் வேலைக்கு நாலைந்து மைக்ரான் ஒரு கணக்கே அல்ல. தொந்தரவு எதுவென்றால், மலிவான மீட்டர்களில் பூஜ்ஜியம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஏசியில் இருந்த மீட்டரை எடுத்து வந்து வெயிலில் நின்ற வண்டியின் பானட்டில் வைத்தால் நகரும். பேட்டரி இறங்கினாலும் நகரும். மீட்டரைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்துவிட்டுத் தொடங்குங்கள். வண்டியின் ஒரு பக்கம் முடிந்ததும் மறுபடி தகட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நம்பகமான சோதனை வண்டியிலேயே செய்யலாம். பானட்டில் 130 வருகிறது என்று வையுங்கள். அதே இடத்தில் 250 தாளை வைத்து மறுபடி அளந்தால் 380க்குப் பக்கத்தில் வர வேண்டும். 330, 440 என்று தாறுமாறாக வந்தால் அந்த இடத்தில் மீட்டர் சரியாகப் படிக்கவில்லை. பெரும்பாலும் காரணம் வளைவுதான். வெளியே புடைத்த வளைவில் உள்ளதைவிடக் கூடுதலாகவும், உள்ளே குழிந்த வளைவில் குறைவாகவும் காட்டும். பழைய வண்டிகளில் ஹெட்லைட் குடமும் மட்கார்டு முகடும் நல்ல உருண்டை. அங்கே வரும் எண்ணைச் சமதளமான டோரின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது; எதிர்ப்பக்கத்து மட்கார்டின் அதே புள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும். தகட்டு விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மீட்டரைச் செங்குத்தாக அழுத்தி, எண் வந்ததும் முழுதாகத் தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்துக்கொண்டே போனால் எண்ணும் தப்பாகும், பெயிண்டிலும் கீறல் விழும். அதற்குப் பிறகு உரிமையாளரோடு என்ன பேரம் பேச முடியும்?

இனி எண்கள். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 வரை இருக்கும். அதன் மேல் ஒரு தடவை முழுதாக அடித்திருந்தால் 200 முதல் 300. 500ஐத் தாண்டினால் பட்டியைச் சந்தேகிக்கலாம். 1,000ஐத் தாண்டினாலோ கோடு வந்தாலோ அங்கே ஏதோ அப்பியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் புதிய காருக்கு வைத்துக்கொள்வது போல் ரெஸ்டோர் செய்த காருக்கு வைத்துக்கொண்டால்தான் குழப்பம் தொடங்குகிறது. வெறும் தகடு வரை உரித்து ஒழுங்காக வேலை செய்த வண்டியில் எபாக்ஸி பிரைமர் 40–50, மேற்பரப்பைச் சமப்படுத்த அடிக்கும் சர்ஃபேசர் தேய்த்த பிறகு மிஞ்சுவது 80–100, கலர் 15–25, கிளியர் கோட் 50–60. கூட்டினால் 185 முதல் 235 வரை. ஆகவே உரித்து அடித்த வண்டியில் எல்லாப் பக்கமும் 210, 225 என்று சீராக வந்தால் அது குறை அல்ல, நல்ல வேலைக்கு அடையாளம். மாறாக, “தகடு வரை உரித்தோம்” என்று சொல்லும் வண்டியில் எங்கே வைத்தாலும் 430, 450 என்று சமமாக வந்தால் அங்கே பட்டி இல்லை, ஆனால் உரிக்கவும் இல்லை. பழைய பெயிண்டின் மேல் பெயிண்ட். அடியில் பழைய லாக்கர் வகைப் பெயிண்ட் இருந்தால் ஒரு நாள் மேலே சிலந்தி வலை போல வெடிப்பு வரும். அதன் மேல் இன்னொரு கோட் அடித்து அதைச் சரிசெய்ய முடியாது, முழுதாக உரித்தே ஆக வேண்டும். அந்தச் செலவை இப்போதே விலையில் கழித்துப் பேசுங்கள்.

குறைந்த எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. ஒரிஜினல் பெயிண்ட் என்று விற்கும் வண்டியில் மற்ற இடமெல்லாம் 110 வந்து, பானட் நடுவிலும் மட்கார்டு மேலும் 55 வந்தால், பாலிஷ் போட்டுப் போட்டே பாதியைத் தேய்த்துவிட்டார்கள் என்று பொருள். இன்னொரு முறை மெஷின் பாலிஷ் அதன் மேல் படக் கூடாது.

மீட்டர் நன்றாக ஏமாறும் இடம் ஈயம். பாலியஸ்டர் பட்டி பரவுவதற்கு முன் பாடியின் இணைப்புகளை ஈயமும் தகரமும் கலந்த கலவையை உருக்கித்தான் நிரப்பினார்கள். கூரையும் பின் பக்கத் தகடும் சேரும் இடத்தில் அது தொழிற்சாலையிலேயே செய்த வேலை. ஈயத்தில் காந்தம் ஒட்டாது. மீட்டரைப் பொறுத்தவரை அதுவும் வெறும் இடைவெளிதான். 1,100 காட்டும், சில இடத்தில் கோடு வரும். விஷயம் தெரியாதவர் “பட்டி வண்டி” என்று கைகழுவிவிட்டுப் போவார். அவர் விட்டுப் போனது ஒருவேளை யாரும் கை வைக்காத ஒரிஜினல் வண்டியாக இருக்கும்.

பிரித்துப் பார்க்க இரண்டு வழி. ஈயம் தொழிற்சாலை இணைப்பில், ஒரு பட்டையாக, இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கும். பட்டி விபத்து நடந்த இடத்தில், ஒரு பக்கம் மட்டும் இருக்கும். இரண்டாவது, உங்கள் மீட்டரில் என்எஃப்இ-யை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதற்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். ஈயம் மின்சாரம் கடத்தும் உலோகம்; கனமாக இருந்தால் சுழல் மின்னோட்டம் அதன் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும், மேலே இருக்கும் பெயிண்ட் அளவு மட்டும் தோராயமாக வரும். பட்டியாக இருந்தால் அப்படி ஒரு எண் கிடைக்காது. தானாகவே மாறிக்கொள்ளும் மீட்டரில் மட்டும் இதை முயல வேண்டாம். அது இரும்பைத்தான் முதலில் பிடிக்கும். இந்த ஒரு வசதிக்காகவே, மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும், தேர்வு செய்யும் பொத்தான் உள்ள மாடலை வாங்கலாம். ஈயம் என்று தெரிந்தால் அதை உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தூள் நுரையீரலுக்குப் போகும்.

இப்போது அந்த எழுத்து விஷயம். ஜாகுவார் எக்ஸ்கே120-இல் முதல் 242 வண்டிகள் அலுமினிய பாடி. பிறகு வந்தவை இரும்பு பாடி. ஆனால் டோர், பானட், டிக்கி மூடி அலுமினியமாகவே தொடர்ந்தன. அப்படிப்பட்ட வண்டியில் மட்கார்டில் எஃப்இ, டோரில் என்எஃப்இ என்று மாறி மாறி வர வேண்டும். 1963 முதல் 1971 வரை வந்த பகோடா கூரை மெர்சிடிஸிலும் பானட், டிக்கி மூடி, டோரின் மேல் தகடு அலுமினியம். 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் தொடக்க வருட வண்டிகளில் பானட் அலுமினியம். அந்த இடத்தில் எஃப்இ வந்தால் பானட் மாற்றியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எண் 120 என்று அழகாக இருந்தாலும் சரி. இதைக் காந்தமும் சொல்லும் என்பது உண்மைதான். ஆனால் பெயிண்ட் அளவையும் உலோகத்தையும் ஒரே அழுத்தலில் பார்ப்பது வசதி.

எங்கே அளப்பது? புதிய கார்க்காரர்கள் தகட்டின் நடுவில் நாலு இடம் பார்த்துவிட்டுப் போவார்கள். பழைய வண்டியில் நடுப்பகுதி அநேகமாகப் பொய் சொல்லாது; வேலை முழுக்கக் கீழே பதினைந்து சென்டிமீட்டரில்தான். முன் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தங்கும் மூலை, டோரின் அடிவிளிம்பு, டோருக்குக் கீழே ஓடும் சில், பின் சக்கர வளைவு, கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள். இந்த இடங்களில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் வையுங்கள். ஒரு மாஸ்கிங் டேப்பைச் சில்லின் மேல்விளிம்பை ஒட்டி நீளமாக ஒட்டி, ஒவ்வொரு எண்ணையும் அளந்த இடத்துக்கு நேர் மேலே டேப்பில் பென்சிலால் எழுதினால் படம் தானாக விழும்: 190, 200, 205, 340, 720, கோடு, கோடு, 690, 310, 200. இப்படி ஏறி இறங்கினால் நடுவில் ஒரு ஓட்டை அடைபட்டிருக்கிறது, சுற்றிலும் பட்டியைச் சரிவாக இழுத்துத் தேய்த்திருக்கிறார்கள். 200, 200, 460, 460, 460, 200 என்று சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கினால் பெரும்பாலும் இன்னொரு அடுக்குப் பெயிண்ட். டேப்பை உரிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவராக இருந்தாலும் இதே போட்டோக்களை நீங்களே எடுத்து விளம்பரத்தில் போடலாம். “பட்டி இல்லை” என்று பத்து வரி எழுதுவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

சில்லின் அடிப்பக்கத்திலும் சக்கர வளைவுக்குள்ளும் கல் தெறிக்காமல் இருக்கப் பூசும் தார் வகைப் பூச்சு இருந்தால் 1,000 என்று வரும், அல்லது கோடு வரும். அதைப் பட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை இந்த மீட்டர் ஒருபோதும் சொல்லாது. அங்கே மரக் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பதுதான் வழி. கணீரென்றால் தகடு, மொத்தென்றால் சந்தேகம்.

மீட்டர் முழுதாகக் கோட்டைவிடும் வேலை ஒன்று உண்டு. ஓட்டை விழுந்த இடத்தை வெட்டாமல் மேலே மெல்லிய தகட்டை வைத்து வெல்டு செய்து, வெல்டைத் தேய்த்துச் சமப்படுத்தி, கொஞ்சமே பட்டி இழுத்து அடித்துவிட்டால் திரையில் 240 வரும். உள்ளே பழைய துரு அப்படியே தின்றுகொண்டிருக்கும். டோரின் அடியிலும் சில்லிலும் இருக்கும் நீர் வடியும் துளை வழியாகப் போரோஸ்கோப் கேமராவை விட்டு உள்பக்கம் பார்க்காமல் பெரிய பணத்துக்கு யாரும் கை நீட்டக் கூடாது. துளையே அடைபட்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான். சேஸிக்கும் இதே கதை. அங்கே சுத்தியலும் டார்ச்சும்தான் கருவி.

எல்கோமீட்டர் 456, டெஃபெல்ஸ்கோவின் போசிடெக்டர் 6000 போன்ற தொழில்முறைக் கருவிகள் வேறு தரம். பூஜ்ஜியம் நகர்வது குறைவு, முனையைக் கம்பியோடு தனியாக வாங்கலாம், அளந்ததைச் சேமித்துக் கணினிக்கு மாற்றலாம். தனி முனை என்பது வெறும் ஆடம்பரம் இல்லை: டோரைத் திறந்தால் தெரியும் தூணின் உள்பக்கத்திலும் பானட்டின் மடிப்புக்கு அருகிலும் முழு மீட்டரை நேராக வைக்க இடம் இருக்காது. அதே உள்பக்கம்தான் கம்பெனி பெயிண்ட் கடைசி வரை தப்பிப் பிழைக்கும் இடம். அங்கே வரும் எண்ணே மற்றவற்றுக்கு அளவுகோல். பெயிண்ட் ஷாப் நடத்துபவருக்கும் மாதம் நாலு வண்டி பார்த்துச் சொல்பவருக்கும் அந்தச் செலவு நியாயம். வாழ்நாளில் இரண்டு வண்டி வாங்கப் போகிறவருக்குச் சின்ன மீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

துணி சுற்றிய காந்தத்தை மட்டும் நம்பும் பழைய முறையை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். கனமான பட்டியை அது நொடியில் பிடிக்கும். ஆனால் அரை மில்லிமீட்டர் பட்டியின் மேலும் வலுவான காந்தம் ஒட்டிக்கொள்ளும். 500 மைக்ரானை மீட்டர் மட்டும்தான் காட்டும்.

1953 முதல் ஃபைபர்கிளாஸ் பாடியோடு வந்த கார்வெட், 1957-இல் வந்த லோட்டஸ் எலைட் மாதிரி வண்டிகளுக்கு இதை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். அடியில் உலோகமே இல்லாததால் எங்கே வைத்தாலும் கோடுதான். எண் ஏதாவது வந்தால், பாடிக்கு உள்ளே ஒட்டிய இரும்புச் சட்டத்துக்கு நேராக வைத்திருக்கிறீர்கள். அவற்றுக்கு ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி வேண்டும். அதில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சொட்டு ஜெல் விட்டு, அளந்ததும் துடைக்க வேண்டியிருக்கும்.