ஓர் உழவரின் நினைவு மலரும் அதை அச்சிட்டுத் தந்த அச்சகமும்

எங்கள் அப்பா சென்ற ஆண்டு தமது 90ஆம் வயதில் காலமானார். தலைத்திதிக்கு வரும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் கொடுப்பதற்காக ஒரு நினைவு மலர் போடுவது என்று வீட்டில் முடிவானது. வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது முதல் வடிவமைத்து, அச்சிட்டு, கட்டுக் கட்டி வீட்டில் இறக்குவது வரை எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன கும்பகோணத்து அச்சகம் ஒன்றிடம் அந்த வேலையை ஒப்படைத்தோம். 48 பக்கம், 200 படிகள், படி ஒன்றுக்கு 140 ரூபாய், பாதித் தொகை முன்பணம் என்பது பேச்சு. குறைகளையும் சொல்லப்போவதால் அச்சகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

சிக்கல் அவர்கள் நிரப்பித் தரச் சொன்ன படிவத்திலேயே தொடங்கிவிட்டது. கல்வி, பணியில் சேர்ந்த நாள், வகித்த பொறுப்புகள், பெற்ற விருதுகள், பணி ஓய்வு என்று அதில் கட்டங்கள் இருந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியருக்கோ வங்கி அலுவலருக்கோ அது பொருந்தும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பதினான்கு வயதில் ஏர் பிடித்து, மன்னார்குடிக்குத் தெற்கே அரை வேலி, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தை வைத்துக்கொண்டு ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றிய ஒருவருக்கு அந்தக் கட்டங்களில் எதை எழுதுவது? நாங்கள் வெறுமையாக விட்டுக் கொடுத்த இடங்களை வடிவமைப்பாளர், தம்மிடம் ஆயத்தமாக இருந்த உழவுச் செய்யுள்களையும் பூங்கொத்துகளையும் இட்டு நிரப்பியிருந்தார். திருத்தம் பார்ப்பதற்காக அவர்கள் எடுத்துக் கொடுத்த முதல் மெய்ப்பில் அப்பாவைப் பற்றிய செய்தி நான்கு பக்கம்தான் தேறியது. அந்த நான்கு பக்கமும் எந்த ஊர் எந்தப் பெரியவருக்கும் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளத் தக்கதாக இருந்தது.

அட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பொன்னிறக் கதிர்கள் அடர்ந்த வயல் ஒன்றின் படத்தை எடுப்பாகப் போட்டிருந்தார்கள். அது கோதுமை வயல். வாழ்நாளெல்லாம் குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்துக்குப் பருவம் நெல்லைத் தவிர வேறு பயிர் அறியாத மனிதரின் மலருக்குக் கோதுமை அட்டை. மெய்ப்பைக் கையில் வாங்கிய பெரியப்பா மகன், கதிர் முற்றிய பிறகும் இப்படி விறைத்துக்கொண்டா நிற்கும் என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே அப்பாவின் படத்துக்குக் கோட்டும் டையும் மாட்டி, முகத்தை வெளுக்கவைத்து, மாட்டுக் கொம்பு கிழித்து இடப்புருவத்துக்கு மேல் நின்றிருந்த தழும்பையும் துடைத்து எடுத்திருந்தார்கள். “கோட்டு மாட்டிக்கிட்டு எந்த ஊருக்குடா கிளம்புறாரு உங்க அப்பா?” என்று அம்மா கேட்ட பிறகு, பழைய படத்தை, தோளில் துண்டோடும் தழும்போடும் அப்படியே போடச் சொல்லிவிட்டோம். அச்சகத்தார் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மலரைக் காப்பாற்றியது அப்பாவின் கணக்கு நோட்டுகள். 1961 முதல் 2018 வரை எழுதியவை மரப்பெட்டியில் இருந்தன. விதை, ஆள் கூலி, எரு, களத்தில் அளந்த நெல் என்று எல்லாம் அவற்றில் உண்டு. நெருக்கமாக எழுதிய வரிகளுக்கு நடுவே குடும்பமும் வந்து போகும். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் வரத் தொடங்கிய 1934இல்தான் அப்பாவும் பிறந்தார். அணைக்கும் தமக்கும் ஒரே வயது என்று பெருமையாகச் சொல்வார். தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்து, 1965இல் ஆடுதுறை 27 நெல் ரகம் வெளியான பிறகு, 105 நாளில் குறுவை வீடு வந்து சேர்ந்ததை வியப்போடு குறித்திருக்கிறார். எங்கள் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு கிடையாது. ஆற்றுத் தண்ணீரை நம்பியே எல்லாம் நடந்தது. குறுவைக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12இல் மேட்டூர் திறக்காமல் போன 2012 முதல் 2018 வரையிலான ஏழு நோட்டுகளிலும் குறுவைப் பக்கத்தில் “இல்லை” என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயலில் விழுந்த தென்னைகளை எண்ணி “43” என்று எழுதியதோடு நோட்டு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் வயலில் இறங்கவில்லை. படிவத்தில் பணி ஓய்வுக் கட்டத்தை அந்தத் தேதியைக் கொண்டு நிரப்பலாம் என்று தங்கை சொன்னாள். நிரப்பினோம்.

நோட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டியதும் அச்சகத்தாரின் போக்கே மாறிவிட்டது. செய்யுள்களை எடுத்துவிட்டுப் பதினெட்டுப் பக்கங்களை நோட்டுக்கென ஒதுக்கினார்கள். அந்தப் பகுதியை அவர்கள் செய்திருக்கும் நேர்த்திக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். மங்கிய நீல மையும், மழையில் நனைந்த தாளின் பழுப்பு விளிம்பும், எருது வாங்கிய தொகையைச் சுற்றிப் போட்ட வட்டமும் அப்படியே பதிவாகியுள்ளன. 31ஆம் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் நின்றுதான் அடுத்த பக்கம் போனார்கள். “புரட்டாசி 9. நடவு ஆள் 14. மாலை தூறல். இரவு பெண் பிறந்தது. இருவரும் நலம். நாளை மீதி நடவு” என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பெண் என் அக்கா. அவளுடைய திருமணச் செலவு 40ஆம் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுச் சம்பா நெல் முழுவதும் அதற்குப் போனதையும் அடுத்த வரியில் பார்க்கலாம்.

மெய்ப்புத் திருத்தம்தான் இவர்களிடம் உள்ள பெரிய ஓட்டை. அரை வேலியை “10 மா நஞ்சை” என்று நாங்கள் கொடுத்ததை, மா என்ற நில அளவை மாதத்தின் சுருக்கம் என்று எண்ணி “10 மாதம் நஞ்சை” என்று விரித்துவிட்டார்கள். குறுவை மூன்று இடங்களில் குருவையாகவும், தாளடி ஓரிடத்தில் தாலடியாகவும் இருந்தன. டெல்டாவின் நடுவில் உட்கார்ந்து அச்சடிப்பவர்களுக்கு இந்தச் சொற்கள் வராமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் ஒரு குருவை தப்பிப் போய்விட்டது.

தாள் நல்ல மேப்லித்தோ. மையும் சீராக இருக்கிறது. மேலட்டை லேமினேஷன் மட்டும் சில படிகளில் ஓரம் பிரிகிறது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. எழுதித் தருகிறோம் என்று அவர்கள் சொல்வதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் நோட்டு, கடிதம், ரசீது எதுவாயினும் முதல் நாளே கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, வாழ்க்கைக் குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். மற்றதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். 200 படிகளும் தீர்ந்துவிட்டதால், தப்பிய குருவையைத் திருத்தி இன்னும் 50 படிகள் போட அவர்களிடமே கொடுத்திருக்கிறோம்.